பாங்க் அதிகாரியும் ஒரு பணக்காரத் தேரையும்

'குழந்தைகள் புத்தகம்' என்று அட்டையில் போட்டிருந்தால், நம்மில் பலர் அதைப் பையன் கையில் கொடுத்துவிட்டு ஷேர் மார்க்கெட் பக்கத்தைப் புரட்டப் போய்விடுவோம். கென்னத் கிரஹாம் எழுதி 1908-ல் வெளிவந்த 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' நாவலை நான் முதன்முதலாகப் படித்தது முப்பத்து நாலு வயதில். லாபம்தான்! பத்து வயதில் படித்திருந்தால் பாதி புரிந்திருக்காது.

மண்ணுக்கடியில் வளையில் குடியிருக்கும் மோல், வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொண்டிருக்கிறது. முதுகு வலி. வெளியே வசந்தம். 'போதும்டா சாமி' என்று பிரஷ்ஷைத் தூக்கி வீசிவிட்டு மேலே ஓடி வந்துவிடுகிறது. ஆற்றங்கரையில் எலி நண்பன், படகு, கூடை நிறையச் சாப்பாடு! மார்ச் மாசக் கணக்கு முடிக்கிற எந்த குமாஸ்தாவுக்கு இந்த ஆசை வராது, சொல்லுங்கள்?

எழுதியவரும் குமாஸ்தாதான் சார்! ஆக்ஸ்ஃபோர்டில் படிக்க ஆசைப்பட்டார். வீட்டார் செலவு செய்யத் தயாராயில்லை. 1879-ல் பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் சேர்ந்து, 1898-ல் அதன் செக்ரெட்டரியானார். 1903-ல் ஒரு ஆசாமி பாங்குக்குள்ளேயே வந்து அவரைச் சுட்டான். குறி தப்பியது. புத்தகம் வந்த அதே 1908-ல் வேலையை விட்டார்.

கதையில் டோட் என்றொரு பணக்காரத் தேரை. கார் பைத்தியம். கார் திருடியதற்கு ஒரு வருஷம், கண்மண் தெரியாமல் ஓட்டியதற்கு மூன்று, போலீஸிடம் வாய்க்கொழுப்புக்குப் பதினைந்து. கூட்டினால் 19. 'ரவுண்டா இருபது போட்டுடலாம்' என்கிற மாதிரி முடிக்கிறார் கோர்ட் குமாஸ்தா! கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிய கைதான் இந்த ஜோக்கை எழுதும்.

சிரித்துக்கொண்டே போனால், ஒரு இடத்தில் தொண்டை அடைக்கிறது. பனி இரவில் நடந்து போகும்போது, தான் விட்டு வந்த பழைய வளையின் வாசனை மோலுக்கு அடிக்கிறது. நண்பன் முன்னால் போய்விட்டான். நடுவழியில் நின்று அழுகிறது. நண்பன் திரும்பி வந்து, அதைத் தேடிக் கண்டுபிடித்து, 'அருமையான வீடுப்பா' என்று மனசாரப் பாராட்டுகிறான். ஊரை விட்டு வந்து, ஒரே ரூமில் நாலு பேராகத் தங்கி வேலை பார்க்கிற யாரும் இந்த அத்தியாயத்தைச் சும்மா தாண்டிவிட முடியாது.

இத்தனையும் அவர் தன் ஒரே மகன் அலஸ்டேருக்குப் படுக்கையில் சொன்ன கதைகள். வெளியூரிலிருந்தபோது 1907-ல் கடிதமாகவும் எழுதினார். அந்த மகன், அப்பாவுக்குக் கிடைக்காத ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கப் போனான். 1920-ல், இருபது வயது நிறையும் முன்பே, அங்கே தண்டவாளத்தில் இறந்து கிடந்தான்.

1932-ல் காலமான கிரஹாம், புத்தகத்தின் ராயல்டியை அதே ஆக்ஸ்ஃபோர்டின் நூலகத்துக்கு எழுதி வைத்திருந்தார். இதை வரவில் வைப்பதா, செலவில் வைப்பதா? பி.காம்.-ல் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

மொத்தம் 12 அத்தியாயங்கள். வீட்டில் குழந்தை இருந்தால், ராத்திரிக்கு ஒன்றாகப் படித்துச் சொல்லுங்கள். அது தூங்கிவிட்டாலும், நீங்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவீர்கள்!