உட்ஸ்டாக் மேடையில் கோவைக்காரர்... 60களின் ராக், சோல் கச்சேரிகளில் பாதி நம் கண்ணுக்கே வராமல் போனது ஏன்?

இ-பாஸ் எடுத்து கொடைக்கானல் மலை ஏறினால், டால்பின் நோஸ் போகிற வழியில் இருக்கிறது வட்டக்கானல். இஸ்ரேலில் ராணுவ சேவையை முடித்துவிட்டு வரும் இளைஞர்கள் அதிகம் தங்குவதால் அதற்கு 'குட்டி இஸ்ரேல்' என்று ஒரு பெயர். நம்ம ஆட்கள் வைத்திருக்கும் இன்னொரு பெயர் 'ஹிப்பி ஊரு'. ஹிப்பி என்றதும் நீள முடி, கிட்டார், போதை என்று ஒரு படம் மனசுக்குள் ஓடும். அந்தப் படம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஒரே ஒரு இசை விழாவில் இருந்து. 1969 ஆகஸ்ட் 15 அன்று அமெரிக்காவில் தொடங்கிய உட்ஸ்டாக்.

அந்த விழாவின் தொடக்க உரையை நிகழ்த்தியவர் யார் தெரியுமா? கோவை பக்கத்தில் உள்ள செட்டிபாளையத்தில் பிறந்த ஒரு தமிழர்.

யார் அந்தக் கோவைக்காரர்?

ராமசாமி என்ற பெயரில் 1914-ல் பிறந்தவர், பின்னாளில் சுவாமி சச்சிதானந்தர் ஆனார். கோவை விவசாயக் கல்லூரியில் படித்தார், வேலை பார்த்தார், திருமணமும் ஆனது. மனைவி இறந்த பிறகு துறவு வழிக்குப் போனவர், 1949-ல் ரிஷிகேஷில் சுவாமி சிவானந்தரிடம் தீட்சை பெற்றார். அந்த சிவானந்தரும் நம்ம பத்தமடைக்காரர்தான். இலங்கையில் பல ஆண்டுகள் ஆசிரமப் பணி செய்துவிட்டு, 1966-ல் ஓவியர் பீட்டர் மேக்ஸ் அழைத்ததன் பேரில் நியூயார்க் போனார்.

மூன்று வருஷம் கழித்து உட்ஸ்டாக். விழா நடந்தது உட்ஸ்டாக் என்ற ஊரில் இல்லை, பெத்தேல் என்ற ஊரில் ஒரு மாட்டுப் பண்ணையில். நாலு லட்சத்துக்கும் மேல் கூட்டம் வந்ததால் சாலைகள் ஸ்தம்பித்தன. பாட வேண்டியவர்களே டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார்கள். கையில் கிடைத்த ரிச்சி ஹேவன்ஸை முதலில் மேடையேற்றினார்கள். அவர் பாட்டெல்லாம் தீர்ந்துபோய், மேடையிலேயே ஒரு பாட்டை உருவாக்கிப் பாடினார். அதன் பிறகு காவி உடையில், வெள்ளைத் தாடியுடன் சச்சிதானந்தர். அவரையும் ஹெலிகாப்டரில்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. பிரபஞ்சத்தை நடத்துவது ஒலிதான், இந்த மூன்று நாளும் அமைதியாகக் கழிய வேண்டியது உங்கள் கையில் இருக்கிறது என்ற பொருளில் பேசினார். கூட்டம் கேட்டது.

சரி, ராக் தெரியும். சோல் என்றால் என்ன?

சுருக்கமாகச் சொன்னால், அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு சர்ச் வாசலைத் தாண்டி வெளியே வந்தால் அது சோல். ஒருவர் ஒரு வரி பாடுவார், கூட்டம் பதில் சொல்லும். வில்லுப்பாட்டில் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த 'ஆமா' இல்லாவிட்டால் பாதி உயிர் போச்சு. அதனால்தான் சோல் பாடகர்களை ரெக்கார்டில் கேட்பது வேறு, மேடையில் பார்ப்பது வேறு.

ஜேம்ஸ் பிரவுனுக்கு இது நல்லாவே தெரியும். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் உள்ள அப்பல்லோ அரங்கில் தன் கச்சேரியை அப்படியே பதிவு செய்து ஆல்பமாக விடலாம் என்றார். ஏற்கெனவே வந்த பாட்டை யார் திரும்ப வாங்குவார்கள் என்று கம்பெனி முதலாளி மறுத்துவிட்டார். பிரவுன் சொந்தக் காசைப் போட்டு 1962 அக்டோபரில் பதிவு செய்தார். அடுத்த வருஷம் வெளியான அந்த ஆல்பம் 66 வாரங்கள் விற்பனைப் பட்டியலில் நின்றது.

மேடையில் அவர் செய்யும் ஒரு வித்தை ரொம்பப் பிரபலம். பாடிக்கொண்டே இருப்பவர் திடீரென முழங்காலில் விழுவார். உதவியாளர் வந்து தோளில் ஒரு மேலங்கியைப் போர்த்தி, கைத்தாங்கலாக அழைத்துப் போவார். பாதி வழியில் அங்கியை உதறிவிட்டு மைக்கை நோக்கி ஓடி வருவார். மறுபடி விழுவார், மறுபடி வருவார். நாடகம் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் கூட்டம் அலறும். கோயில் கொடையில் சாமியாட்டம் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1964-ல் கலிபோர்னியாவில் 'டாமி ஷோ' என்று ஒரு நிகழ்ச்சி (பெயரைப் பார்த்துத் தமிழ் நிகழ்ச்சி என்று நினைக்க வேண்டாம்). பிரவுனுக்கு அடுத்து ரோலிங் ஸ்டோன்ஸ். அவருக்குப் பின்னால் மேடை ஏறியது பெரிய தப்பு என்று அந்தக் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸே பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

ஒரு கச்சேரி ஒரு ஊரைக் காப்பாற்றுமா?

1968 ஏப்ரல் 4. மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் கலவரம். மறுநாள் இரவு பாஸ்டனில் ஜேம்ஸ் பிரவுன் கச்சேரி ஏற்கெனவே முடிவாகியிருந்தது. ரத்து செய்தால் வாசலில் வந்து நிற்கும் இளைஞர்களின் கோபம் எங்கே போகும்? நடத்தினால் மட்டும் என்ன ஆகும்? மேயர் கெவின் வைட் தவித்தார். கடைசியில் கச்சேரியை நடத்துவது, அதை உள்ளூர் டிவியில் நேரலையாகக் காட்டுவது என்று முடிவானது. மக்கள் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கட்டும் என்பதுதான் கணக்கு.

டிக்கெட் வருமானம் போய்விடுமே என்று பிரவுன் நஷ்ட ஈடு கேட்டார். கேட்டதில் தப்பே இல்லை, பிழைப்பு அதுதானே. சுமார் 14 ஆயிரம் பேர் அமரும் அரங்கில் 2 ஆயிரம் பேர்தான் வந்தார்கள். நடுவில் இளைஞர்கள் மேடையில் ஏற, போலீஸ் அவர்களைத் தள்ளத் தொடங்கியது. அந்த ஒரு நிமிஷம் எப்படி வேண்டுமானாலும் திரும்பியிருக்கலாம். பிரவுன் போலீஸாரை விலகச் சொல்லிவிட்டு இளைஞர்களிடம் நேராகப் பேசினார். நம்ம மானத்தை நாமே வாங்கலாமா என்கிற தொனி. இறங்கினார்கள், பாட்டு தொடர்ந்தது. டிவியில் அதே கச்சேரியை அன்று இரவே மறுஒளிபரப்பும் செய்தார்கள். மற்ற பெருநகரங்களோடு ஒப்பிட்டால் பாஸ்டன் அன்று அமைதியாகவே இருந்தது.

இதற்கு நேர் எதிராக பீட்டில்ஸ் கதை. 1965-ல் நியூயார்க் ஷியா ஸ்டேடியத்தில் 55 ஆயிரம் பேர் போட்ட கூச்சலில், அவர்கள் வாசிப்பது அவர்களுக்கே கேட்கவில்லை. 1966 ஆகஸ்டில் சுற்றுப்பயணக் கச்சேரிகளுக்கே முழுக்குப் போட்டார்கள். உலகின் நம்பர் 1 குழு, 60களின் சிறந்த மேடைக் குழுக்கள் பட்டியலில் முதலிடத்துக்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

மான்டரேயில் என்ன நடந்தது?

1967 ஜூனில் கலிபோர்னியாவில் மூன்று நாள் மான்டரே விழா. எல்லோரும் இலவசமாக வாசித்தார்கள், சம்பளம் வாங்கியவர் ரவிசங்கர் மட்டும். ஞாயிறு மதியம் அவர் சிதார் வாசிக்க, தபலாவில் அல்லா ரக்கா, தம்பூராவில் கமலா சக்கரவர்த்தி. அதே நாள் இரவு ஜிமி ஹென்ட்ரிக்ஸ் தன் கிட்டாரைத் தீ வைத்துக் கொளுத்தினார். வாத்தியத்தைத் தொட்டுக் கும்பிடும் மரபில் வந்த ரவிசங்கருக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

என்னைக் கேட்டால், அந்த விழாவின் உச்சம் நெருப்பு இல்லை. முந்தைய நாள் இரவு பாடிய ஓடிஸ் ரெட்டிங்தான். பெரும்பாலும் வெள்ளைக்கார இளைஞர்கள் கூட்டம், பலருக்கு அவரை அதிகம் தெரியாது. சில பாட்டுகளிலேயே மொத்தக் கூட்டத்தையும் 'ஆமா' போட வைத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 10-ல் விமான விபத்தில் இறந்தார். வயது 26.

அப்போ ஹார்லெம்?

உட்ஸ்டாக் திங்கள்கிழமை காலையில்தான் முடிந்தது. கூட்டத்தில் பெரும்பகுதி கலைந்துபோன பிறகு, விடிந்த வெயிலில் ஹென்ட்ரிக்ஸ் அமெரிக்க தேசிய கீதத்தைக் கிட்டாரில் வாசித்தார். நடுநடுவே குண்டு விழும் சத்தம். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த நேரம், வாசித்தவர் முன்னாள் பாராசூட் படைவீரர். இதெல்லாம் நமக்குத் தெரிகிறது. ஏனென்றால் படம் பிடித்தார்கள். 1970-ல் வந்த 'உட்ஸ்டாக்' ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது.

அதே 1969 கோடையில், அங்கிருந்து சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, ஹார்லெம் பூங்காவில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் இலவச இசை விழா நடந்தது. பி.பி.கிங், நினா சிமோன், மஹாலியா ஜாக்சன், 19 வயது ஸ்டீவி வொண்டர் என்று பெரிய பட்டியல். மனிதன் நிலவில் இறங்கிய ஜூலை 20 அன்றும் கச்சேரி நடந்தது. நிலவுக்குச் செலவழித்த காசில் ஏழைகளுக்குச் சோறு போட்டிருக்கலாமே என்று கேட்டார்கள் அங்கே வந்தவர்கள். மொத்தம் சுமார் 3 லட்சம் பேர் வந்த விழா இது. ஹால் டல்சின் என்பவர் முழுவதையும் வீடியோ எடுத்தார். சில பகுதிகள் மட்டும் டிவியில் வந்தன. மீதியை வாங்க ஆள் இல்லை. 40 மணி நேர டேப்கள் ஏறக்குறைய 50 வருஷம் கிடப்பில் கிடந்தன. 2021-ல்தான் 'சம்மர் ஆஃப் சோல்' படமாக வெளிவந்து, மறுவருஷம் ஆஸ்கர் வாங்கியது.

ஸ்லை அண்ட் தி ஃபேமிலி ஸ்டோன் குழு இரண்டு விழாவிலும் பாடியது. கறுப்பர், வெள்ளையர், ஆண், பெண் கலந்த குழு. உட்ஸ்டாக்கில் பாடியதற்காக உலகமே அவர்களைக் கொண்டாடியது. ஹார்லெமில் பாடியதைப் பார்க்க நாம் அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 'டாப் 10 லைவ் கச்சேரிகள்' என்று இணையத்தில் சுற்றும் பட்டியல்களை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். கேமரா எங்கே நின்றதோ, யார் காசு போட்டு வாங்கினார்களோ, அதுதான் 'சிறந்தது' ஆகியிருக்கிறது.

சென்னையில் யாரும் பாடவில்லையா?

பாடினார்கள். அதே 1969. மவுண்ட் ரோடு சஃபையர் தியேட்டர் வளாகத்தில் 'நைன் ஜெம்ஸ்' என்ற நைட் கிளப். மும்பையில் வளர்ந்த தமிழ்க் குடும்பத்துப் பெண் ஒருவர் புடவை கட்டி, தலையில் பூ வைத்து, கனத்த குரலில் ஆங்கிலப் பாட்டுகளைப் பாடினார். நைட் கிளப் பாடகி என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து வந்தவர்கள் முழித்திருப்பார்கள். பாட்டு ஆரம்பித்ததும் புடவையைப் பற்றிய பேச்சு நின்றது. அங்கிருந்து கல்கத்தா 'ட்ரின்காஸ்', பிறகு இந்திப் படங்கள். அவர்தான் உஷா உதுப். 2024-ல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டபோதும் அவருக்கு அதே புடவை, அதே பூ, அதே பெரிய பொட்டுதான்.