புலி வருகிறது!
(பருவநிலைப் பேரச்சமும் பொதுமக்களும்)

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

‘புலி வருகிறது, புலி வருகிறது’ என்று கூவிய இடையனின் கதையைத் தொடக்கப் பள்ளியிலேயே நாம் அனைவரும் படித்திருக்கிறோம். இரண்டு முறை பொய்யாகக் கூவினான். மூன்றாம் முறை புலி உண்மையாகவே வந்தபோது உதவிக்கு ஒருவரும் வரவில்லை. பொய் சொன்னவன் சிறுவன் என்பதால் அந்தக் கதையின் நீதி எளிது. ஆனால் வேறு விதமாகவும் எண்ணிப் பாருங்கள். அவன் காட்டோரத்தில் புலியின் காலடித் தடத்தைக் கண்டு, ‘புலி வரக்கூடும்’ என்று மட்டுமே சொன்னான். கேட்டவர்கள்தாம் ‘நாளைக் காலை வருகிறதாம்’ என்று ஊரெல்லாம் பரப்பினார்கள். மறுநாள் புலி வரவில்லை. இப்போது குற்றம் யாருடையது?

பருவநிலை திடீரென மாறக்கூடும் என்னும் எச்சரிக்கைகளின் வரலாறு இந்த இரண்டாவது கதையைப் போன்றது. அதில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுப் பொருளுக்கு வருகிறேன்.

நான் கூவிய கதை

2023 ஜூலையில் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் ஒரு செய்தி வந்தது. அட்லாண்டிக் பெருங்கடலின் நீரோட்டம் 2025-இல் நின்றுவிடும். உலகின் மழையே திசை மாறிவிடும் என்றது அச்செய்தி. எங்கள் குடும்பத்தில் பள்ளியிறுதி வகுப்பை எட்டியவன் நான்தான். அந்தப் பெருமிதத்தில் தேநீர்க் கடையில் பத்துப் பேருக்கு முன் அதைப் படித்துக் காட்டினேன். வீட்டிற்கு வந்து தந்தையாரிடமும் சொன்னேன். எங்களுக்குக் காவிரிக் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் நிலம். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு இரண்டே கேள்விகள் கேட்டார்: “எப்ப தம்பி நிக்கும்? அதுக்கு நாம இப்ப என்ன செய்யணும்?” இரண்டிற்கும் என்னிடம் விடை இல்லை.

2025 வந்தது. கடல் நிற்கவில்லை. “என்னப்பா விஞ்ஞானி, அட்லாண்டிக்கு நின்னு போச்சா?” என்று தேநீர்க் கடையில் கேட்கத் தொடங்கினார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் சென்ற ஐப்பசியில், இரண்டு நாளில் கனமழை என்ற வானிலை எச்சரிக்கையைப் படித்து, எதிர் வீட்டுப் பெரியப்பாவிடம் களத்தில் கிடந்த நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடச் சொன்னேன். “போடா, நீ சொன்ன கடலே இன்னும் நிக்கல” என்றார் அவர். மழை வந்தது. நெல் நனைந்து முளைத்துவிட்டது. அவர் என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது. இக்கட்டுரை அந்த உறுத்தலில் பிறந்தது.

கடலுக்குள் ஓர் ஆறு

அட்லாண்டிக் பெருங்கடலின் மேற்பரப்பில் வெப்பமான நீர் வடக்கு நோக்கிச் செல்கிறது. கிரீன்லாந்து, ஐஸ்லாந்துப் பகுதிகளை அடையும்போது தன் வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துக் குளிர்கிறது. குளிர்ந்த நீர் கனமானது. உப்பு மிகுந்த நீர் அதனினும் கனமானது. ஆகவே அது ஆழத்தில் அமிழ்ந்து, அடிக்கடலின் வழியே தெற்கு நோக்கித் திரும்புகிறது. இந்தச் சுழற்சியில் நொடிக்கு ஏறத்தாழ 1.7 கோடி கன மீட்டர் நீர் ஓடுகிறது. உலகின் ஆறுகள் அனைத்தும் சேர்ந்து கடலில் கொட்டும் நீரைப் போல் இது பத்து மடங்கிற்கும் மேல்! வடமேற்கு ஐரோப்பா கடுங்குளிரில் உறையாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

உப்பின் வேலையை உழவர்கள் அறிவார்கள். விதை நெல்லைத் தேர்ந்தெடுக்கும்போது, முட்டை மிதக்கும் அளவிற்கு நீரில் உப்பைக் கரைத்து அதில் நெல்லைக் கொட்டுகிறோம். பதர் மிதக்கும், முற்றிய நெல் அமிழும். உப்புக் கூடக்கூட நீரின் அடர்த்தி கூடும் என்ற அதே விதிதான் அட்லாண்டிக்கிலும் நடக்கிறது.

கிரீன்லாந்தின் பனி உருகி நன்னீர் கடலில் கலந்தால் உப்பு நீர்க்கும். அடர்த்தி குறைந்த நீர் எளிதில் அமிழாது. அமிழ்வது குறைந்தால் தெற்கிலிருந்து வரும் உப்பு நீரின் வரவும் குறையும். அதனால் அமிழ்வது மேலும் குறையும். இவ்வாறு ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும் நிலை ஏற்படலாம் என்பதை அமெரிக்க அறிஞர் ஹென்றி ஸ்டோமல் 1961-இலேயே எளிய கணக்கால் காட்டினார். வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி ஓரளவு சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். ஓர் எல்லையைத் தாண்டினால் குடை சாய்ந்துவிடும். விழுந்த பிறகு நிமிர்த்துவது எளிதன்று.

இது வெறும் கணக்கு அன்று. இயற்கையிலேயே சாட்சி உண்டு. 1990-களின் தொடக்கத்தில் கிரீன்லாந்தில் பனியை 3000 மீட்டருக்கும் மேல் துளைத்து எடுத்தார்கள். அந்தப் பனித்தூண்களைப் படித்தபோது, சுமார் 11,700 ஆண்டுகளுக்கு முன் அங்கு வெப்பநிலை சில பத்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ 10 டிகிரி உயர்ந்தது தெரிந்தது. இத்தகைய திடீர்த் திருப்பங்கள் மீண்டும் நேரலாம் என்று வாலஸ் புரோக்கர் என்ற கடலியல் அறிஞர் 1987-இல் எச்சரித்தார். காலடித் தடம் உண்மையானது. புலியும் உண்மையானது. எப்போது வரும் என்பதே கேள்வி.

ஊர் கேட்டது என்ன?

இனி, எச்சரிக்கைகள் மக்களிடம் எவ்வாறு போய்ச் சேர்ந்தன என்பதைக் காண்போம்.

1975-இல் அமெரிக்காவின் ‘நியூஸ்வீக்’ வார இதழ், உலகம் குளிர்ந்து வருகிறது என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. அதைக் காட்டி, ‘அன்று குளிரும் என்றார்கள், இன்று சுடும் என்கிறார்கள், எதை நம்புவது?’ என்று கேட்போர் இன்றும் உண்டு. ஆனால் 1965 முதல் 1979 வரை வெளியான ஆய்வுக் கட்டுரைகளைப் பின்னாளில் மூவர் எண்ணிப் பார்த்தனர். குளிரும் என்றவை 7; வெப்பமாகும் என்றவை 44. விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் சொன்னது ஒன்று. மக்கள் நினைவில் நின்றது மற்றொன்று!

2003-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக இருவர் ஓர் அறிக்கை எழுதினர். மிக மோசமாக நடந்தால் என்ன ஆகும் என்று கற்பனை செய்து பார்க்கும் அறிக்கை அது, ஆரூடம் அன்று. ஆனால் 2004 பிப்ரவரியில் ஒரு பிரிட்டிஷ் பத்திரிகை, 2020-க்குள் பிரிட்டன் சைபீரியக் குளிரில் ஆழும் என்று அதைச் செய்தியாக்கியது. 2020 வந்து போயிற்று. பிரிட்டன் சைபீரியா ஆகவில்லை. ஏளனம் செய்வோருக்கு இது நல்ல விருந்தாயிற்று.

அதே 2004 மே மாதத்தில் ‘தி டே ஆஃப்டர் டுமாரோ’ என்ற ஹாலிவுட் படம் வெளிவந்தது. நீரோட்டம் நின்று, சில நாட்களில் நியூயார்க் நகரம் உறைந்துபோவதாகக் கதை. சில நாட்களில் அவ்வாறு நடக்க இயற்பியல் இடம் கொடுக்காது. எனினும் படம் பார்த்தவர்களின் மனநிலையை ஆராய ஆராய்ச்சியாளர்களுக்கு அது நல்ல வாய்ப்பாயிற்று. அமெரிக்காவில் நடந்த ஆய்வில், படம் பார்த்தவர்களிடம் பருவநிலை பற்றிய கவலை கூடியிருந்தது. பிரிட்டனில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வு இன்னும் ஆழமானது. அங்கும் கவலை கூடியது; ஏதாவது செய்ய வேண்டும் என்ற துடிப்பும் பலருக்கு எழுந்தது. ஆனால் எது அறிவியல், எது சினிமா என்று பிரித்தறிய இயலவில்லை. கடும் நிகழ்வுகள் உண்மையில் நேரும் என்ற நம்பிக்கையோ முன்பைவிடக் குறைந்துவிட்டது! மேலும், என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. இதைப் படித்தபோது எனக்கு என் தந்தையாரின் இரண்டாம் கேள்விதான் நினைவுக்கு வந்தது. பிரிட்டனின் சினிமா ரசிகரும் கடைமடை உழவரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள்.

2005-இல் மற்றொரு பரபரப்பு. சுமார் ஐம்பது ஆண்டுகளில் ஐந்து முறை கப்பலில் சென்று அளந்ததைக் கொண்டு, நீரோட்டம் 30 விழுக்காடு குறைந்திருக்கலாம் என்று ஓர் ஆய்வு கூறியது. பத்திரிகைகள் அலறின. ஆனால் 2004 முதலே கடலில் நிலையாகப் பொருத்தியிருந்த கருவிகள் வேறொன்றைக் காட்டின. ஓராண்டிற்குள்ளேயே நீரோட்டம் நொடிக்கு 40 லட்சம் கன மீட்டருக்கும் 3.5 கோடி கன மீட்டருக்கும் இடையே ஏறி இறங்கியது. பத்தாண்டுக்கு ஒரு முறை மேட்டூர் அணையை எட்டிப் பார்த்துவிட்டு, காவிரி வற்றுகிறதா பெருகுகிறதா என்று எவராவது முடிவு சொல்ல முடியுமா?

2025 என்ற எண் வந்த வழி

என்னை ஏமாற்றிய எண்ணுக்கு வருகிறேன். கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் டிட்லெவ்சன், சூசன்னே டிட்லெவ்சன் என்ற உடன்பிறந்தோர் இருவர் 2023-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வெப்ப வாயுக்கள் இப்படியே பெருகினால் இந்நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டி நீரோட்டம் சரியக்கூடும் என்றும், 2025-க்கும் 2095-க்கும் இடையில் அது நேர 95 விழுக்காடு வாய்ப்பு உண்டு என்றும் அவர்கள் கணக்கிட்டனர். எழுபது ஆண்டு இடைவெளியில் முதல் ஆண்டை மட்டும் எடுத்துத் தலைப்பாக்கின சில செய்திகள். ‘எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் டவுன் பஸ் வரும்’ என்று ஒருவர் சொன்னால், ‘எட்டு மணிக்கு பஸ்’ என்று கூவி, எட்டு ஐந்துக்கு ‘இந்த ஊருக்கு பஸ்ஸே கிடையாது’ என்று திரும்பிப் போவதைப் போன்றது இது. அந்தக் கூவியவர்களில் நானும் ஒருவன்.

அந்த ஆய்வின் முறையையே ஏற்காத அறிஞர்களும் பலர். கடல் மேற்பரப்பின் வெப்பநிலையை மட்டும் வைத்து ஆழத்தின் எதிர்காலத்தைக் கணிக்க இயலுமா என்பது அவர்கள் வினா. ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021-இல் கூறியது இது: இந்நூற்றாண்டில் நீரோட்டம் பலவீனமடைய மிக அதிக வாய்ப்பு உண்டு, 2100-க்குள் திடீரெனச் சரியாது என்பதில் நடுத்தர நம்பிக்கையே உண்டு. 2025 பிப்ரவரியில் வெளியான மற்றோர் ஆய்வு, 34 கணினி மாதிரிகளை ஆராய்ந்து, மிகக் கடுமையான நிலையிலும் நீரோட்டம் முற்றிலும் நிற்கவில்லை என்றது. உடனே ‘பயம் வேண்டாம்’ என்று சிலர் எழுதினர். ஆனால் அந்த ஆய்விலும் நீரோட்டம் வெகுவாகப் பலவீனமடையவே செய்தது. மறுபுறம், 2024 அக்டோபரில் 44 அறிஞர்கள் வட ஐரோப்பிய நாடுகளின் அமைச்சர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினர். 2025-இல் ஐஸ்லாந்து அரசு இதை நாட்டின் பாதுகாப்பிற்குரிய ஆபத்தாகவே எடுத்துக்கொண்டது.

நால்வகை மாந்தர்

இச்செய்திகளைக் கேட்கும் மக்களை நான் நான்கு வகையாகக் காண்கிறேன்.

அஞ்சி நடுங்குவோர் முதல் வகை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அச்சம் கவனத்தை ஈர்க்குமே தவிர, மக்களை நெடுங்காலச் செயலில் இறக்காது என்று 2009-இல் வெளியான ஓர் ஆய்வும் கூறுகிறது. எள்ளி நகையாடுவோர் இரண்டாம் வகை. முன்பு கேட்ட மிகைச் செய்திகளே பெரும்பாலும் இவர்களை உருவாக்குகின்றன. ‘எல்லாம் விதிப்படி நடக்கும்’ என்று கைகட்டி நிற்போர் மூன்றாம் வகை. நடுங்குபவரும் களைத்த பின் இங்கேதான் வந்து சேர்கிறார். ‘எப்போது? எவ்வளவு உறுதி? என்ன செய்யலாம்?’ என்று கேட்போர் நான்காம் வகை. இவர்களே நமக்கு வேண்டியவர்கள். ஆனால் கேட்பவருக்கு விடை தராவிட்டால், அவரும் மற்ற மூன்றில் ஒன்றாகிவிடுவார்.

தந்தையாருக்கு ஒரு விடை

இது வெள்ளைக்காரர் நாட்டுக் குளிர். நமக்கென்ன என்று கேட்கலாம். நீரோட்டம் சரிந்தால் வெப்பமண்டல மழைப் பட்டை தெற்கே நகரும் என்றும், ஆசியப் பருவமழை பலவீனப்படும் என்றும் கணிக்கிறார்கள். மேட்டூருக்கு நீர் தருவது தென்மேற்குப் பருவமழை. ஜூன் 12-இல் அணை திறக்குமா என்று காத்திருக்கும் எந்த உழவருக்கும் இது அயல்நாட்டுச் செய்தி அன்று.

சென்ற பொங்கல் விடுமுறையில் தந்தையாரிடம் மீண்டும் பேசினேன். இந்த முறை கைபேசியை எடுக்கவில்லை. உப்பு நீரையும் விதை நெல்லையும் வைத்தே விளக்கினேன். ‘எந்த ஆண்டு என்று யாராலும் சொல்ல இயலாது, என் காலத்தில் நடக்காமலே போகலாம், நடந்தால் திரும்பப் பெற முடியாது, கரியையும் எண்ணெயையும் எரிப்பதை உலகம் எவ்வளவு விரைவில் குறைக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்து குறையும்’ என்றேன். சற்று யோசித்துவிட்டு, “பயிர்க் காப்பீடு கட்டுற மாதிரின்னு சொல்லு. பயிர் போகும்னு தெரிஞ்சா கட்டுறோம்? போனா தாங்க மாட்டோம்னு கட்டுறோம்” என்றார். நான் இரண்டாண்டு படித்துத் தேடிய விடையை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

முடிவுரை

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் நம் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நாம் சொல்வதை ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கை கடன் வாங்கிய பொருள். கவனமாகச் செலவிட வேண்டும். எந்த எச்சரிக்கையையும் பரப்பும் முன் மூன்று வினாக்களைக் கேட்போம்: சொன்னவர் யார்? அவர் சொன்னது எந்தக் கால எல்லை? கேட்பவர் செய்யக்கூடியது என்ன? இரண்டு நாளில் வரும் மழையையும் ஐம்பது ஆண்டில் வரக்கூடிய மாற்றத்தையும் ஒரே குரலில் கூவாதிருப்போம். முன்னதற்குத் தார்ப்பாய் வேண்டும். பின்னதற்குத் திட்டம் வேண்டும்.

வரும் ஐப்பசியிலும் எதிர் வீட்டுக் களத்தில் நெல் காயும். அப்போது பெரியப்பா என் சொல்லைக் கேட்பாரா என்பது தெரியாது. கேட்கவில்லையென்றால் தார்ப்பாயை நானே எடுத்துக்கொண்டு போவேன்.