கிணற்றுக்குச் செல்லும் கம்பியின் கணக்கு

நூற்கட்டின் எடையையும் நெல் மூட்டையின் எடையையும் இம்மியும் பிசகாமல் பார்த்து வாங்கும் நம் அங்கத்தினர்கள், மின்சாரக் கணக்கை மட்டும் கம்பி இழுப்பவரிடமே விட்டுவிடுகின்றனர். மோட்டார் மறுபடியும் எரிந்துவிட்டது என்று கடன் கேட்டு வரும் விண்ணப்பங்களில் மோட்டாரைக் குறை கூறாதது அரிது. கம்பியை எவரும் குறை கூறக் காணோம்.

மின்னழுத்தத்தை வோல்ட்டிலும், மின்னோட்டத்தை ஆம்பியரிலும், தடையை ஓமிலும் அளப்பர். ஓட்டத்தைத் தடையால் பெருக்க அழுத்தம் கிடைக்கும். ஜெர்மானியரான கியார்க் சைமன் ஓம் 1827-இல் வெளியிட்ட விதி இதுவே. வாய்க்கால் நீளமும் குறுகலுமாயின் கடைமடைக்கு நீர் தளர்ந்து வருவதைப் போல, கம்பி நீண்டால் தடை மிகும், பருத்தால் குறையும்.

மீட்டரிலிருந்து கிணறு 100 மீட்டர் தொலைவு என்று கொள்வோம். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமாதலால் கம்பி 200 மீட்டர். (இவ்விரட்டிப்பைப் பலர் மறந்துவிடுவர்.) 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியாயின் தடை சுமார் 1.4 ஓம். ஒருமுனை மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் 14 வோல்ட் வழியிலேயே கழிந்துவிடும். 230 வோல்ட் 216 ஆகும். மாலையில் இணைப்பிலேயே 200 வோல்ட்தான் வருமாயின் மோட்டாருக்கு எட்டுவது 186. அழுத்தம் குறைந்தாலும் நீரின் சுமை குறைவதில்லை. ஆகவே மோட்டார் அதிக ஓட்டத்தை இழுக்கும், சுருள் சூடேறும், நாளடைவில் கருகும். புறப்படும் கணத்தில் ஓட்டம் பன்மடங்காதலால் வீழ்ச்சியும் பெருகும். மோட்டார் சுழலாமல் உறுமி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வழியில் வீணாவதையும் கணக்கிடலாம். ஓட்டத்தை அதனாலேயே பெருக்கிப் பின் தடையால் பெருக்க வேண்டும்: 140 வாட். பத்து மணி நேரத்தில் 1.4 யூனிட் கம்பியைச் சூடாக்கவே போகிறது. 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டிருந்தால் வீழ்ச்சி 9 வோல்ட்டுக்குள் அடங்கும்.

தறிக்கூடத்துக் கணக்கு இதனினும் எளிது. 10 வாட் விளக்குகள் எட்டும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒன்றும் சேர்ந்து 1080 வாட். 230-ஆல் வகுக்க 4.7 ஆம்பியர். இதையறியாமல், ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைச் சுற்றி வைப்பது கூரைக்குத் தீ வைப்பதற்கு ஒப்பாகும். மோட்டாருக்கு மட்டும் இவ்வாறு வகுப்பது பொருந்தாது. அதன் தகட்டில் பொறித்துள்ள ஆம்பியரையே கொள்ள வேண்டும்.

இனி மோட்டார் கடனுக்கு விண்ணப்பிப்போர் கிணற்றின் தொலைவு, கம்பியின் பருமன், தகட்டிலுள்ள ஆம்பியர் ஆகிய மூன்றையும் விண்ணப்பத்திலேயே குறித்தனுப்பினால், புதுக் கம்பிக்கும் சேர்த்துத் தொகை கோருவதா என்பதை முன்கூட்டியே ஆராய இயலும்.