காத்திருக்க விடாத பந்துவீச்சு

2018 நவம்பர் 1 அன்று திருவனந்தபுரத்தின் காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் நடந்த ஒருநாள் ஆட்டத்தில் வெஸ்ட் இண்டீஸ் அணி 31.5 ஓவரில் 104 ரன்னுக்குச் சுருண்டது. இந்தியா 14.5 ஓவரில் வெற்றியைத் தொட்டது. நூறு ஓவருக்குத் திட்டமிட்ட ஆட்டம் 47 ஓவர்கூட நீடிக்கவில்லை. நகரத்துத் தம்பானூரில் இறங்கிப் பேருந்து மாறி மைதானத்துக்குப் போனவர்கள் வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே ஊர் திரும்பலாம் என்ற நிலை. அன்று 34 ரன்னுக்கு நான்கு விக்கெட் எடுத்தவர் ரவீந்திர ஜடேஜா.

ஜடேஜா பந்து வீசுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பந்து கைக்கு வந்ததும் திரும்புவார், நாலு எட்டு வைப்பார், அடுத்த பந்து போய்விடும். ஆறு பந்தும் சட்டென்று முடிந்துவிடும். அது எதிரணி மட்டையாளரை யோசிக்க விடாது என்று வர்ணனையாளர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த வேகத்தின் பலன் அவரோடு நிற்கும் மற்ற பத்துப் பேருக்கும் போய்ச் சேருகிறது. அதைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

ஒரு பீல்டரின் வேலையைப் பக்கத்தில் இருந்து கவனித்தால் இது புரியும். பந்துவீச்சாளர் ஓடத் தொடங்கும்போது கவர், மிட் ஆஃப், மிட்விக்கெட்டில் நிற்பவர்களும் அவரோடு சேர்ந்து சில அடி முன்னால் நடந்து வருவார்கள். பந்து கையை விட்டுக் கிளம்பும்போது கால்களை அகட்டி, குதிகாலில் பாரம் இல்லாமல், தாழ்ந்து நிற்பார்கள். அந்த நொடியில்தான் அவர்களால் இடமோ வலமோ பாய முடியும். அரை நொடி முன்பே தயாராகிவிட்டால் கால் இறுகிவிடும். அரை நொடி பிந்தினால் பந்து தாண்டிவிடும். ஐம்பது ஓவர் முழுக்க நிற்பவர் இதை முந்நூறு முறை செய்ய வேண்டும். அதில் பெரும்பாலான பந்துகள் அவர் பக்கமே வராது.

இந்த விழிப்பை யாராலும் தொடர்ந்து பிடித்து வைத்திருக்க முடியாது. ஒவ்வொரு பந்துக்கும் ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். பந்துவீச்சாளர் ஒரே சீராக வந்து வீசினால் அவருடைய நடையே மற்றவர்களுக்குத் தாளக்கட்டு. அவர் ஷூ லேஸைக் கட்டி, கேப்டனிடம் பேசி, தொப்பியைச் சரிசெய்து, ஓட ஆரம்பித்துப் பாதியில் நின்றால், எல்லைக்கோட்டில் நிற்பவரின் கண் தன்னையறியாமல் கூட்டத்தின் பக்கம் போய்விடும்.

அமெரிக்கர்கள் இதைப் பற்றிப் பல தலைமுறையாகப் பேசி வருகிறார்கள். பேஸ்பாலில் பந்தெறியும் பிட்சர் விறுவிறுப்பாக வேலை செய்தால் பின்னால் நிற்கும் ஏழு பேரும் துடிப்பாக இருப்பார்கள் என்பது அங்கே பயிற்சியாளர்களின் பாலபாடம். அதற்கு அவர்கள் எப்போதும் காட்டும் பெயர் சிகாகோ வைட் சாக்ஸ் அணியின் மார்க் பியூர்லி. 2005 ஏப்ரல் 16 அன்று சியாட்டில் அணிக்கு எதிராக அவர் எறிந்த முழு ஆட்டமும் 1 மணி 39 நிமிடத்தில் முடிந்தது. 2009 ஜூலை 23 அன்று தம்பா பே அணியினர் 27 முறை ஆட வந்தும் ஒருவரைக்கூட முதல் பேஸைத் தொடவிடாமல் திருப்பி அனுப்பினார். அந்தச் சாதனையைக் கடைசிச் சுற்றில் காப்பாற்றியது டிவேய்ன் வைஸ் மதில் மேல் எகிறிப் பிடித்த ஒரு கேட்ச். ஆனால் வைஸ் அந்தச் சுற்றில்தான் களத்துக்குள் வந்தவர். ஆட்டம் முழுக்க பியூர்லியின் தாளத்தில் நின்றவர் அல்ல. ஆகவே எல்லா நல்ல கேட்சையும் பந்தெறிபவரின் வேகத்துக்கு வரவு வைப்பது நியாயமில்லை.

காரியவட்டத்திலேயே இதற்கு மறுபக்கம் உண்டு. 2019 டிசம்பர் 8, அதே வெஸ்ட் இண்டீஸ், இம்முறை இருபது ஓவர் ஆட்டம். புவனேஷ்வர் குமாரின் ஒரே ஓவரில் லெண்டில் சிம்மன்ஸின் கேட்சை வாஷிங்டன் சுந்தரும், எவின் லூயிஸின் கேட்சை ரிஷப் பந்தும் நழுவ விட்டார்கள். சிம்மன்ஸ் ஆட்டமிழக்காமல் 67 ரன் குவிக்க, இந்தியா எட்டு விக்கெட்டில் தோற்றது. அந்த ஆட்டத்தில்தான் ஜடேஜாவின் பந்தில் ஹெட்மயர் தூக்கி அடித்ததை விராட் கோலி எல்லைக்கோட்டோரம் ஓடிப்போய்ப் பிடித்தார். பிடிக்கும் கைக்கும் நழுவும் கைக்கும் ஆயிரம் காரணம் இருக்கும். பந்துவீச்சின் வேகம் அவற்றில் ஒன்று, அவ்வளவே.

விரைவாக வீசுவது எப்போதும் நல்லதும் அல்ல. ரவிச்சந்திரன் அஸ்வினையே எடுத்துக்கொள்ளலாம். 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த சென்னைக்காரர். ஓடி வந்து பந்தை விடுவதற்குமுன் ஒரு கணம் நிற்பார், மட்டையாளர் எந்தப் பக்கம் நகர்கிறார் என்று பார்ப்பார், ஷார்ட் லெக்கை ஓரடி நகர்த்துவார். பீல்டரைச் சரியான இடத்தில் நிறுத்த நேரம் வேண்டும். தவறான இடத்தில் துடிப்பாக நிற்பவரால் என்ன பயன்? இந்தியா தன் மண்ணில் வருடக்கணக்காக டெஸ்ட் தொடரே தோற்காமல் இருந்த காலத்தில், ஒரு முனையில் யோசிக்கும் அஸ்வினும் மறுமுனையில் யோசிக்க விடாத ஜடேஜாவும் மாறிமாறி வீசினார்கள். அந்தக் கலவைதான் பலம்.

பேஸ்பால் 2023இல் இதைக் கடிகாரத்திடம் ஒப்படைத்துவிட்டது. அந்த ஆண்டு விதிப்படி பேஸில் யாரும் இல்லையென்றால் 15 நொடி, ஆள் இருந்தால் 20 நொடி. அதற்குள் எறிய ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரே ஆண்டில் சராசரி ஆட்ட நேரம் ஏறக்குறைய 24 நிமிடம் குறைந்தது.

கிரிக்கெட் இன்னும் கடுமையான வழியைப் பிடித்தது. பந்துவீச்சு மந்தமானால் பீல்டிங்கிலேயே கை வைக்கிறது. சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்தில் ஒரு அணிக்கு 85 நிமிடம். கடைசி ஓவர் தொடங்கவேண்டிய நேரத்தில் தாமதம் இருந்தால், மிச்ச ஓவர்களில் வட்டத்துக்கு வெளியே ஐந்துக்குப் பதில் நான்கு பேர்தான் நிற்கலாம். 2022 ஜனவரியில் வந்த இந்த விதியை அதே ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று துபாயில் ஆசியக் கோப்பை பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடைசி மூன்று ஓவரில் இந்தியாவுக்கு 32 ரன் தேவை. பாகிஸ்தான் நேரம் தவறியதால் ஒரு பீல்டரை உள்ளே இழுக்க வேண்டியதாயிற்று. ஹர்திக் பாண்டியா 19ஆவது ஓவரில் மூன்று பவுண்டரி அடித்தார். இந்தியா இரண்டு பந்து மிச்சம் வைத்து வென்றது. இந்தியாவும் வீசும்போது அதே தண்டனைக்கு ஆளாகியிருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

ஓவருக்கும் ஓவருக்கும் இடையே 60 நொடிக்கு மேல் எடுத்தால் மூன்றாவது தடவை ஐந்து ரன் அபராதம் என்ற விதி பிறகு வந்தது. 2024 ஜூன் 12 அன்று நியூயார்க்கில் அது முதலில் விழுந்தது அமெரிக்க அணியின் தலையில். 30 பந்தில் 35 ரன் தேவை என்றிருந்த இந்தியாவுக்கு ஒரு பந்துகூட விளையாடாமல் அது 30 ரன் ஆனது. பேஸ்பாலில் நொடியை எண்ணப் பழகிய நாடு, கிரிக்கெட்டில் நொடிக்கு விலை கொடுத்தது.

காரியவட்டம் கடற்கரையிலிருந்து அதிக தூரம் இல்லை. இரவு ஆட்டங்களில் வியர்வை நிற்காது, பனியும் சேர்ந்தால் பந்தைத் துடைத்துத் துடைத்தே நிமிடங்கள் கரையும். அங்கே அடுத்த ஆட்டத்துக்குத் தம்பானூரிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ கிளம்புகிறவர்கள் ஒரு ஓவர் மட்டும் பந்தைப் பார்க்காமல் மிட் ஆஃபில் நிற்பவரின் கால்களைப் பார்க்கட்டும். யார் வீசும்போது அந்தக் கால்கள் முன்னால் வருகின்றன, யார் வீசும்போது ஊன்றி நிற்கின்றன என்பது இரண்டு மூன்று பந்திலேயே தெரிந்துவிடும்.