முனை மாறிய பாட்டரி

பாட்டரியின் இரு முனைகளும் தோற்றத்தில் உடன்பிறந்தார் போன்றிருப்பினும் இயல்பில் முற்றும் மாறுபட்டவை. ஒன்றிற் பூட்டவேண்டிய கம்பியை மற்றொன்றிற் பூட்டிவிட்டால், நொடிப்பொழுதில் விளையும் பழுது படகோட்டியை நடுக்கடலில் விளக்கும் வானொலியுமின்றி நிறுத்திவிடக் கூடும். ஏரியன்றிக் கடலறியாத உத்திரமேரூரார்க்கு இஃது எதற்கு என நண்பர் சிலர் வினவலாம். 2019-ஆம் ஆண்டிற் செங்கற்பட்டு தனி மாவட்டமாய்ப் பிரியும்வரை சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையும் நம் காஞ்சிபுர மாவட்டத்ததே. அன்றியும், படகிலுள்ளது போன்ற 12 வோல்ட் பாட்டரியே நம்மூர் டிராக்டரிலும் இருக்கின்றது.

படகு எஞ்சின் ஓடுங்கால் அதன் சுழல்காந்தம் பிறப்பிக்கும் மின்சாரம் முன்னும் பின்னுமாய் மாறிமாறிப் பாய்வது. அதனை ஒருவழிப்படுத்திப் பாட்டரிக்கு ஊட்டுவது ரெக்டிபையர் என்னும் சிறு கருவி. அதனுள் அமைந்த டயோடுகள் கிணற்றுப் பம்பின் புட்வால்வை ஒப்பன; வால்வு நீரை மேலே விடும், கீழே இறங்கவிடாது. முனை மாறியவழி, வால்வு திறக்கும் பக்கமாகவே மின்சாரம் பாய்கின்றது; காவலனே கதவைத் திறந்து விட்டாற்போலாம். ஈயப் பாட்டரியின் உள்தடை மிகச் சிறிதாகலின் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒருங்கே பெருகும். பியூஸ் முந்தி உருகினால் நலம். முந்தாவிடில் டயோடு கருகும்.

ஆகவே எஞ்சின் அடியோடு கெட்டதென்று கலங்குவதற்குமுன் ஆராய வேண்டுவன சில உள. முதற்கண் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. திரும்பப் பூட்டுங்கால் அதனையே இறுதியிற் பூட்டுக. நேர்முனையைத் தொட்ட ஸ்பானர் எஞ்சினிற் பட்டுப் பொறி எழாமைப் பொருட்டே இம்முறை. பாட்டரியினின்று கசியும் ஹைட்ரஜன் அப்பொறியால் வெடிக்க வல்லது. பின்னர் மல்ட்டிமீட்டரால் பாட்டரியை அளக்க. நிறைவுற்று ஓய்ந்த பாட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்.

அடுத்தது பியூஸ். உருகியிருப்பின் அதே அளவுடையதையே இடுக. செம்புக் கம்பியை முறுக்கி வைக்கும் நம் நாட்டு வழக்கம் இங்கே பெருந்தீங்கு. கம்பி உருகாது, ஏனையவெல்லாம் எரியும். முனைகளைச் சரியாகப் பூட்டியும் புதிய பியூஸ் உடனே போயின், ரெக்டிபையரைக் கழற்றிவிட்டு மீண்டும் பார்க்க. அப்பொழுது பியூஸ் நிலைத்தால் குற்றவாளி அதுவே. பழுதற்ற டயோடு ஒரு திசையில் மாத்திரம் மின்சாரத்தை விடும். இருபுறமும் விடுவதும், எப்புறமும் விடாததும் கெட்டவை. பியூஸ் சரியாயிருந்து, எஞ்சின் ஓடியும் பாட்டரியில் வோல்ட் 14-ஐ ஒட்டி உயராதிருப்பினும் ரெக்டிபையரையே ஐயுறல் வேண்டும்.

ஸ்டார்ட்டர் ஒருவரை ஏமாற்றவும் கூடும். நிலைக்காந்தம் உடையது முனை மாறினால் எதிர்ப்புறமாய்ச் சுழன்று, பற்சக்கரத்தைப் பற்றாமல் வெறிதே இரையும். காந்தத்திற்கு மாற்றாகச் சுருள்களையே தொடராகக் கொண்டதோ வழக்கம்போலவே சுழலும். அதனைக் கண்டு இணைப்புச் சரியென்று துணிதல் பிழை.

எரிபொருளைக் கணினி செலுத்தும் புதிய எஞ்சின்களிற் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கெட்டிருக்கலாம். அது தேர்ந்த மெக்கானிக்கின் வேலை. பழைய வகை பலவற்றிலோ பொறிமூட்டும் மின்சாரம் பாட்டரியினின்று வருவதன்று. சுழற்சக்கரத்தின் கீழுள்ள தனிச் சுருள் தருவது. ஆதலின் அத்தகைய எஞ்சினைக் கயிறிழுத்து இயக்கிக் கரைசேரலாம்.

கம்பியின் சிவப்பு நிறம் வெயிலிலும் உப்புக்காற்றிலும் வெளிறிவிடும். பாட்டரிமேற் பொறித்த கூட்டற்குறியே நம்பத்தக்கது. தூண்போன்ற முனைகளை உடையதில் நேர்முனை சற்றே தடித்திருக்கும். இருளிலும் விரலால் தடவி அறியலாம்.