படகின் நிழற்கூரையும் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டும்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் ஆனேக்கல். இங்குள்ள எங்கள் கிளைக்கு வீட்டுக் கடன், வாகனக் கடன், ஜிகணி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைகளின் இயந்திரக் கடன் ஆகியவற்றுக்கான விண்ணப்பங்களே மிகுதியாக வரும். படகு பற்றிய விலைப்புள்ளி ஒன்று என் மேசைக்கு வரும் என்று நான் எண்ணியதில்லை. ஜிகணியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டும் வாடிக்கையாளர் ஒருவர், இராமேசுவரம் தீவில் ஃபைபர் படகு வைத்திருக்கும் தம் தம்பிக்காகத் தனிநபர் கடன் கேட்டு வந்தார். வெயிலுக்காகப் படகின் மேல் அமைத்திருந்த நிழற்கூரை காற்றில் பிய்ந்து விழுந்துவிட்டது. படகில் இருந்த இருவரில் ஒருவருக்குத் தோளில் அடி. துணி கிழியவில்லை; குழாய் வளையவில்லை. கூரையின் கால்களைத் தளத்தோடு பிணைத்த போல்ட்டுகளே அறுந்திருந்தன.

அறுந்த போல்ட் ஒன்றை அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். தலை பளபளவென்று இருந்தது. அதற்குக் கீழே, தளத்துக்குள் புதைந்திருந்த பகுதி மட்டும் எலி கொறித்ததுபோல் மெலிந்திருந்தது. "எவர்சில்வர் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் சார்" என்றார். புதிய விலைப்புள்ளியைப் பார்த்தேன். குழாயின் விட்டம், துணியின் நிறம், தையல் கூலி அனைத்தும் தனித்தனியே எழுதப்பட்டிருந்தன. கடைசி வரியில் மட்டும் "போல்ட், நட், வாஷர் – எஸ்.எஸ்." என்றிருந்தது. பழைய விலைப்புள்ளியிலும் அதே வரிதான் இருந்ததாம்.

எஸ்.எஸ். என்ற அந்த ஈரெழுத்து எந்த உலோகத்தையும் தெளிவாகக் குறிப்பதில்லை. துருப்பிடிக்காத எஃகு என்பது ஒரே பொருள் அன்று. ஒரு பெரிய குடும்பம். இரும்போடு குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேரும்போது, அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிறது. கீறினாலும் காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு அது மீண்டும் மூடிக்கொள்ளும். துருவைத் தடுப்பது இந்தப் படலமே. உப்பிலுள்ள குளோரைடு இப்படலத்தை ஊசிமுனை அளவில் துளைத்துவிடும். துளைத்த இடத்தில் குழி விழும், குழி ஆழமாகும்.

சந்தையில் பெரும்பாலும் கிடைப்பவை 202, 304, 316 என்னும் மூன்று வகைகள். 202 வகையில் விலை மிகுந்த நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்க்கிறார்கள். வீட்டுக்குள் பயன்படும் பொருள்களுக்கு அது போதும். நல்ல சமையல் பாத்திரங்களில் காணும் 304 வகையில் 18 விழுக்காடு அளவுக்குக் குரோமியமும் 8 விழுக்காடு அளவுக்கு நிக்கலும் உண்டு. 316 வகையில் இவற்றோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்கிறது. உப்புக் காற்றில் குழி விழுவதைப் பெரிதும் தடுப்பது இந்தச் சிறு சேர்க்கைதான். படகுக்கு 316 வகையே உகந்தது.

எப்படி அடையாளம் காண்பது? காந்தத்தை வைத்துப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். இந்த இடத்தில் அது பயன்படாது. 202, 304, 316 ஆகிய மூன்றுமே பொதுவாகக் காந்தத்தில் ஒட்டாதவை. அதே சமயம், குளிர்நிலையில் அடித்து உருவாக்கப்பட்ட நல்ல போல்ட்டும் சற்றே ஒட்டக்கூடும். போல்ட்டின் தலையைப் பாருங்கள். ஏ2-70 என்று பொறித்திருந்தால் 304 வகையைச் சேர்ந்தது. ஏ4-70 அல்லது ஏ4-80 என்றிருந்தால் 316 வகையைச் சேர்ந்தது. ஐயமிருந்தால் மாலிப்டினத்தைக் காட்டும் சோதனைத் திரவம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். பழைய எஃகு வணிகர்கள் பலரிடம் அது இருக்கும். எதுவுமே பொறிக்காத போல்ட்டைக் கடலுக்குக் கொண்டுபோகாதிருப்பது நல்லது.

கூரையின் மேல் விழும் சுமை எவ்வளவு என்பதையும் கணக்கிட்டால் இந்தக் கண்டிப்பின் காரணம் விளங்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று, தன்னை நேராக எதிர்க்கும் பரப்பின்மீது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 17 கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் தரும். 2 மீட்டர் அகலமும் 3 மீட்டர் நீளமும் உள்ள கூரை அக்காற்றில் புடைத்து நின்றால் 100 கிலோ அளவுக்கு இழுவை ஏற்படும். காற்றின் வேகம் இரட்டித்தால் இழுவை நான்கு மடங்காகும். மறுபுறம், 8 மில்லிமீட்டர் போல்ட் அரிக்கப்பட்டு 4 மில்லிமீட்டராக மெலிந்தால் அதன் வலிமை பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது.

வாடிக்கையாளரின் போல்ட் வெளியே பளபளத்து உள்ளே அரிக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு. தளத்தின் துளைக்குள் கசிந்த உப்புநீர் அங்கேயே தேங்கிவிடுகிறது. அந்த இடுக்கில் ஆக்சிஜன் தீர்ந்துபோவதால், பாதுகாக்கும் படலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலாது. திறந்தவெளியில் நன்றாக உழைக்கும் துருப்பிடிக்காத எஃகு, மூச்சு முட்டும் இடத்தில்தான் தோற்கிறது. 316 வகையும் இதற்கு முழு விலக்கன்று. ஆகவே, துளையைச் சுற்றிலும் படகுக்கென விற்கப்படும் சீலன்ட் பசையைத் தாராளமாக இட்டு நீர் புகாமல் அடைக்க வேண்டும். ஃபைபர் தளத்தில் திருகாணியை முறுக்கி மட்டும் விடாமல், போல்ட்டை மறுபுறம் வரை செலுத்தி, அடியில் அகலமான தகடு வைத்து நட்டால் இறுக்குவதே முறை. ஆண்டுக்கு ஒருமுறை ஏதேனும் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, தளத்துக்குள் இருக்கும் பகுதியைப் பார்க்க வேண்டும். தலையைப் பார்த்து நிறைவடைவதில் பயனில்லை.

உலோகத்தின் தரத்தைப் போலவே, எதனோடு எது சேர்கிறது என்பதும் முக்கியம். இரு வேறு உலோகங்கள் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டால், அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிறது. வலுக்குறைந்த உலோகம் தன்னைக் கரைத்து மற்றதைக் காப்பாற்றுகிறது. இதற்குப் புகழ்பெற்ற சான்று, பிரிட்டிஷ் கடற்படையின் 'அலாரம்' என்ற போர்க்கப்பல். மரத்தைத் துளைக்கும் புழுக்களிலிருந்து காக்க 1761இல் அதன் அடிப்பகுதி முழுவதும் செப்புத் தகடு போர்த்தினார்கள். ஆணிகள் மட்டும் இரும்பு. மேற்கிந்தியக் கடல்களில் இருந்து திரும்பிய கப்பலை 1763இல் ஆராய்ந்தபோது, ஆணிகள் கரைந்து பல தகடுகள் கழன்றிருந்தன. ஆனால் சில இடங்களில் ஆணிகள் நன்றாகவே இருந்தன. செம்பைச் சுற்றிவந்த பழுப்புக் காகிதம் அங்கே தற்செயலாக இரும்புக்கும் செம்புக்கும் நடுவே தங்கியிருந்தது. ஒரு காகிதத் துண்டு செய்த வேலையை இன்று நைலான் வாஷர் செய்கிறது.

நிழற்கூரைக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். எடை குறைவு என்பதால் பலர் அலுமினியக் குழாயை விரும்புகிறார்கள். அதில் எஃகு போல்ட்டைப் பூட்டும்போது கரைவது அலுமினியமே. போல்ட் சிறிது, குழாய் பெரிது என்பதால் அரிப்பு மெதுவாகவே நடக்கும். துளையைச் சுற்றி வெண்பொடி பூத்திருப்பது அதன் அடையாளம். இடையில் நைலான் வாஷரும் நைலான் குழலும் வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். இதன் தலைகீழ்தான் ஆபத்து: எஃகுத் தகட்டில் அலுமினிய ரிவெட். பெரிய எஃகின் பசிக்குச் சிறிய ரிவெட் விரைவில் இரையாகிவிடும். கட்டணம் குறைவென்று இதைச் செய்துதருபவர்கள் உண்டு, ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பித்தளைக் கீல் பார்வைக்கு அழகு. கடல்நீரில் அதிலுள்ள துத்தநாகம் வெளியேறி, இளஞ்சிவப்பான, பஞ்சுபோன்ற செம்பு மட்டும் எஞ்சும். வடிவம் மாறாது, வலிமை போய்விடும். ஜி.ஐ. வகையிலும் இரண்டு உண்டு. உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது சாம்பல் நிறமாய்ச் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். சில ஆண்டுகள் தாங்கும். மின்முலாம் பூசியது பளிச்சென்று மின்னும். அதன் பூச்சு சில மைக்ரான்களே. முதல் மழைக்காலத்தைத் தாண்டுவதே அரிது.

பூட்டும்போது ஒரு எச்சரிக்கை. துருப்பிடிக்காத எஃகு நட்டை மின்கருவியால் வேகமாக முறுக்கினால் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிறகு கழற்றவே முடியாமல் போகும். மரையில் உரிய பசையைத் தடவி, கையால் நிதானமாக இறுக்க வேண்டும். அதற்காகக் கிராஃபைட் கலந்த பசையை வாங்கிவிடக் கூடாது. கிராஃபைட்டே எஃகை அரிக்கத் தூண்டும். இரும்புக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதும் கூடாது. வாரம் ஒருமுறை நன்னீர் ஊற்றிக் கழுவினால் போதும்.

இராமேசுவரம், மண்டபம் கரையின் உப்புக் காற்று எளிய எதிரி அன்று. அழகப்பச் செட்டியார் வழங்கிய நிலத்தில், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டுக் காரைக்குடியில் அமைந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் தனி மையமே வைத்திருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தின் இரும்போடு இரயில்வே நூறாண்டுக்கும் மேலாகப் போராடியது. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகு வலுவூட்டக் கம்பிகளையும் பாலிசிலாக்சேன் பூச்சையும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

வங்கி அலுவலர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். படகுக் காப்பீடு எடுத்திருப்பவர்கள், கூரை விழுந்தால் இழப்பீடு கிடைக்கும் என்று நம்புகிறார்கள். நாள்பட்ட தேய்மானம், துரு ஆகியவற்றால் நேரும் இழப்பைக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் வழக்கமாக விலக்கிவைக்கின்றன. அரிக்கப்பட்ட போல்ட்டால் விழுந்தது என்று மதிப்பீட்டாளர் எழுதிவிட்டால் வாதாடுவது கடினம். வாங்கிய போல்ட்டின் வகை குறிக்கப்பட்ட ஜி.எஸ்.டி. பட்டியலும், பூட்டியபோது எடுத்த படங்களும் கையிலிருந்தால் தங்கள் தரப்பைச் சொல்ல ஓர் ஆதாரமாவது இருக்கும்.

வாடிக்கையாளரிடம் விலைப்புள்ளியைத் திருப்பிக் கொடுத்து, கடைசி வரியை மாற்றி எழுதி வாங்கிவரச் சொன்னேன். நான்கு நாள் கழித்து வந்தார். "ஏ4-70, 8 மி.மீ., 16 எண்ணம், அடித்தகடு 316, நைலான் வாஷர், குழல், சீலன்ட்" என்று நான்கு வரிகள் இருந்தன. போல்ட்டுகளின் விலை முன்பைவிடக் கூடியிருந்தது. மொத்தத் தொகையில் அது நூற்றுக்கு மூன்றைத் தாண்டவில்லை. அடித்தகடுகளை மட்டும் தம் பட்டறையிலேயே கடைந்துகொள்வதாகச் சொல்லி, அந்த வரியைத் தாமே அடித்துவிட்டிருந்தார். கடன் தொகை அந்த அளவுக்குக் குறைந்தது.