குழந்தை எப்படி உண்கிறது?

வட்டக்கோட்டையின் மதில்மேல் நின்றால் ஒருபுறம் கடல், மறுபுறம் மலை. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசின் தளபதி டிலனாயின் மேற்பார்வையில் வலுப்பெற்ற இக்கோட்டைக்கு மாலை வேளைகளில் குழந்தைகளோடு குடும்பங்கள் வருகின்றன. அண்மையில் அங்கு ஓர் இளந்தாயைக் கண்டேன். கிண்ணத்தில் பிசைந்த பருப்புச் சோற்றுடன் மூன்று வயது மகனின் பின்னால் நடந்துகொண்டிருந்தார். கைப்பேசித் திரையைக் காட்டியதும் பையன் வாய் திறந்தான். அடுத்த கவளத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

'ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கான் சார்' என்றார் என்னிடம். அவரது பையில் பாதி தீர்ந்த பிஸ்கட் பொட்டலமும் பால் புட்டியும் இருந்தன.

தமிழ்நாட்டின் எல்லா வீடுகளிலும் கேட்கும் வாக்கியம் இது. ஆனால், இதற்குள் குறைந்தது நான்கு வெவ்வேறு நிலைமைகள் மறைந்திருக்கின்றன. சிறிதளவிலேயே வயிறு நிறைந்துவிடும் குழந்தை ஒன்று. உண்ணும், ஆனால் மிக மெதுவாக உண்ணும் குழந்தை மற்றொன்று. பழகாத உணவைக் கண்டு அஞ்சும் குழந்தை மூன்றாவது. பாலாலும் பிஸ்கட்டாலும் ஏற்கெனவே வயிறு நிறைந்த குழந்தை நான்காவது. நான்குக்கும் நாம் தருவது ஒரே மருந்து: திணிப்பது.

குழந்தையின் ஊட்டத்தை அளவிடுவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1980-இல் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடை போட்டார்கள். வளர்ச்சி தடைப்பட்ட குழந்தைகளைக் கண்டறிந்து, அவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலம்வரை துணையுணவு வழங்கினார்கள். தேவைப்படுவோருக்கு வளத்தைக் கொண்டு சேர்க்க அளவீடே வழிகாட்டியது என்பதால், பொருளாதாரம் பயின்றவர்கள் இன்றும் கவனிக்கும் திட்டம் அது. இப்போது அங்கன்வாடிகளில் எடையும் உயரமும் அளக்கப்பட்டு, செயலியிலும் பதிவாகின்றன.

ஆனாலும், ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதத்தினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறார்கள். 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57 சதவீதத்தினருக்கு ரத்தசோகை இருக்கிறது. வறுமை, நோய்த்தொற்று, தாயின் உடல்நலம் எனக் காரணங்கள் பல. எனினும், தட்டில் வைத்த உணவு வயிற்றுக்குள் போகிறதா என்ற கேள்வியை எடை இயந்திரம் கேட்பதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்கும் கருவி ஒன்று உண்டு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர் ஜேன் வார்டிலும் அவருடைய குழுவினரும் 2001-இல் வெளியிட்ட 'குழந்தைகளின் உண்ணும் நடத்தை வினாப்பட்டியல்' அது. பெற்றோர் விடையளிக்க வேண்டிய 35 வாசகங்கள். ஒவ்வொன்றுக்கும் 'ஒருபோதும் இல்லை' என்பது முதல் 'எப்போதும்' என்பது வரை ஐந்து விடைகள்.

அவ்வினாப்பட்டியல் எட்டு இயல்புகளை அளக்கிறது. உணவைக் கண்டதும் நாடுவது, மகிழ்ந்து உண்பது, மனம் கலங்கினால் கூடுதலாக உண்பது, எதையாவது குடித்துக்கொண்டே இருக்க விரும்புவது ஆகிய நான்கும் ஒரு பக்கம். விரைவில் நிறைவடைவது, மெதுவாக உண்பது, மனம் கலங்கினால் குறைவாக உண்பது, உணவு வகைகளை மறுப்பது ஆகிய நான்கும் மறுபக்கம். ஒரே எடையுள்ள இரு குழந்தைகள் இந்த எட்டிலும் முற்றிலும் வேறுபட்டு நிற்கலாம்.

இவ்வியல்புகளில் மரபுக்கும் பெரும் பங்குண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2007-இல் பிறந்த இரட்டையர்களைப் பின்தொடர்ந்த 'ஜெமினி' ஆய்வு, கைக்குழந்தைப் பருவத்திலேயே பசியின் அளவு பெருமளவு மரபுவழிப்பட்டது எனக் காட்டியது. 'உனக்குச் சோறூட்டத் தெரியவில்லை' என்று மாமியாரிடமும் அண்டை வீட்டாரிடமும் பேச்சு வாங்கும் தாய்மார்களுக்கு இது ஆறுதல் தர வேண்டும்.

அதற்காக, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பொருளல்ல. குழந்தைகள் இரண்டு வயதையொட்டிப் புதிய உணவுக்கு அஞ்சுவது வளர்ச்சியின் ஓர் இயல்பான கட்டம். வற்புறுத்தாமல், சிறிதளவாக, எட்டு முதல் பதினைந்து முறை அதே உணவை முன்வைத்தால் பல குழந்தைகள் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். எதை, எப்போது, எங்கே தருவது என்பதைப் பெரியவர்களும், எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையும் முடிவு செய்யட்டும் என்கிறார் அமெரிக்க உணவியலாளர் எலின் சேட்டர். குழந்தையின் பசிக்குறிப்பை அறிந்து ஊட்டுவதையே உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் வலியுறுத்துகிறது.

இங்கேதான் ஒரு பொருளாதாரக் கேள்வி எழுகிறது. மறுக்கப்படும் உணவின் செலவை யார் ஏற்பது? கூலி வேலைக்கோ மீன் விற்கவோ செல்லும் ஒரு தாயால், குழந்தை துப்பிவிடும் கீரையைப் பத்து முறை சமைக்க முடியாது. குழந்தை நிச்சயம் உண்ணும் என்று தெரிந்த பிஸ்கட்டையே அவர் வாங்குவார். அது அறியாமையன்று, இழப்பைத் தவிர்க்கும் கணக்கு. பிஸ்கட்டைத் தொட்டு உண்ணத் தரும் தேநீர், உணவிலுள்ள இரும்புச் சத்து உடலில் சேர்வதையும் தடுக்கிறது.

ஓர் ஏழை வீடு தாங்க முடியாத இந்த இழப்பைத் தாங்கக்கூடிய இடம் அங்கன்வாடி. அங்கு உணவு எப்படியும் சமைக்கப்படுகிறது. உடன் உண்ணும் குழந்தைகளைப் பார்த்து, மறுக்கும் குழந்தையும் கை நீட்டுகிறது. நம் மாவட்டத்தில் குழந்தைகளின் முதல் உணவாகப் பலரும் தரும் மட்டிப்பழம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. மட்டியும் ஏத்தன் பழமும் கேழ்வரகும் சிறு மீனும் மீண்டும் மீண்டும் அறிமுகமாக அங்கன்வாடியைவிட நல்ல களம் இல்லை.

ஆகவே, எடை பார்க்கும் நாளிலேயே ஐந்து எளிய கேள்விகளைக் கேட்கலாம். விரைவில் போதும் என்கிறதா? உண்டு முடிக்க அரை மணிக்கு மேலாகிறதா? புதியதை மறுக்கிறதா? உணவுக்கு முன் பாலோ தேநீரோ குடிக்கிறதா? திரை இல்லாமல் உண்கிறதா? இவற்றை லண்டன் பட்டியலிலிருந்து அப்படியே மொழிபெயர்த்தால் போதாது. கையால் ஊட்டும் வழக்கமும் தாத்தா பாட்டியின் பங்கும் உள்ள நம் வீடுகளுக்கேற்ப அவற்றை அமைத்து, நம் குழந்தைகளிடம் சோதித்துப் பார்க்க வேண்டும். நம் வேளாண், மருத்துவப் பல்கலைக்கழகங்களால் இயலாத பணியன்று இது.

எச்சரிக்கையும் தேவை. பெற்றோரின் கவலை அவர்களின் விடையிலும் கலந்திருக்கும். இது நோயைக் கண்டறியும் சோதனையும் அன்று. 'அடம்பிடிக்கும் பிள்ளை' என்று முத்திரை குத்த இதைப் பயன்படுத்தக் கூடாது. எடை தொடர்ந்து குறைந்தாலோ, விழுங்கும்போது புரையேறினாலோ, உண்ணும் உணவுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கினாலோ, கேள்விகளை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் செல்வதே முறை.

அன்று கோட்டையில் அந்தத் தாயிடம் நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: 'கடைசியாகப் பையன் எப்போது பால் குடித்தான்?' சற்று யோசித்து, 'வரும்போது பஸ்ஸில்' என்றார். பிறகு கிண்ணத்தை மூடி வைத்தார். பையன் மதிலோரம் ஓடத் தொடங்கினான். ஓடி முடித்ததும் பசிக்கும். அப்போது அவனே கேட்பான்.